நீ அளந்த முப்பது

அன்பு மகனுக்கு,

இந்த நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே தம்பி. பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. விளக்கு வைத்ததிலிருந்து உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன், இது நாலாவது. முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். நீ செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு நிதானமாக வாசி. இதைப் போனிலேயே பேசி முடித்திருக்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசித்தானே கெடுத்துவிட்டேன். பயம் வந்துவிட்டால் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. எழுதும்போது அப்படி ஓட முடியாது, பேனா மெதுவாகத்தான் போகிறது.

நீ அன்றைக்குச் சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். பிராக்டிகலில் ஒற்றை ட்ரான்சிஸ்டர் வைத்து ஒரு அம்ப்ளிபயர் செய்ய வேண்டும். அதன் வோல்டேஜ் கெயினை, அதாவது உள்ளே போகிற சின்ன வோல்டேஜ் எத்தனை மடங்காகி வெளியே வருகிறது என்பதை, முதலில் கணக்குப் போட்டு, பிறகு அளந்தும் காட்ட வேண்டும். கணக்கில் உனக்கு நூற்று முப்பத்திரண்டு வந்தது. அளந்தால் முப்பது. மூன்று தடவை அளந்தும் முப்பதுதான். நேரம் முடிகிற பதற்றத்தில் அளந்ததை எழுதுகிற கட்டத்தில் நூற்று இருபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். இப்போது பிராக்டிகல் எடுக்கிற உங்கள் சேர் புதன்கிழமை வந்து தன் முன்னாலேயே இன்னொரு தடவை அளந்து காட்டச் சொல்லியிருக்கிறார். நீ போகப் போவதில்லை என்றாய். "பேக்கக் கட்டிக்கிட்டு வீட்டுக்கே வந்துர்றேம்மா, இதெல்லாம் நமக்குச் சரிவராது" என்றாய். நம் தோட்டத்திலிருந்து கம்பசுக்குப் போன பிள்ளை இப்படிச் சொன்னதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யோசிக்காமல் சொன்னேன்: "அளக்கிற மெஷினு பழுதுன்னு சொல்லிரு. மெஷினு பழுதுன்னா நீ என்ன செய்வ?" நீ சரி என்றாய். இரண்டு நாளாக அந்தச் 'சரி' என் காதுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் திருப்பி வாங்கத்தான் இந்தக் கடிதம்.

நூற்று முப்பத்திரண்டை அப்படியே எழுதாமல் நாலைக் குறைத்து எழுதினாய், பார்த்தாயா? சரியாக அதே எண் வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று ஒரு கணக்கு. அந்தப் புத்தி உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ நாலு குறைத்தாய், நான் ஏழு குறைத்தவள்.

கேகாலை டெக்னிக்கல் கொலேஜில் படித்தபோது எனக்கு உன்னைவிட வயது குறைவு. புளத்கொகுபிட்டியவில் காலை பஸ் ஏறினால் பாதி வழி பனிக்குள்ளேயே போகும். றப்பர் மரங்கள் ஒவ்வொன்றாக ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போகும். நான் மடியில் கொப்பியை விரித்துக்கொண்டு கணக்குப் போடுவேன். எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்கும் தம்பி. இருபத்தைந்து மில்லிவோல்ட்டை ட்ரான்சிஸ்டரில் ஓடுகிற கரண்டால் வகுக்க வேண்டும். ஒரு மில்லியம்பியர் ஓடினால் இருபத்தைந்து ஓம், அது ட்ரான்சிஸ்டரின் எமிட்டர் காலுக்குள் ஒளிந்திருக்கிற தடை. மேலே கலெக்டர் காலில் இருக்கிற ரெசிஸ்டரை அதால் வகுத்தால் கெயின் வந்துவிடும். நாலாயிரத்து எழுநூறை இருபத்தைந்தால் வகுத்தால் நூற்றெண்பத்தெட்டு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இந்தப் பக்கம் போய், நூற்றெண்பத்தெட்டு மடங்காக அந்தப் பக்கம் வருகிறது. பனிக்குள் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அதை நினைத்தால், நாம் வாய்க்குள் முணுமுணுப்பதெல்லாம் எங்கேயோ ஒரு மலைக்கு அப்பால் யாருக்கோ கேட்கும்போல இருக்கும்.

என்னோடு பிராக்டிகல் செய்தவள் தில்ஹானி என்ற சிங்களப் பிள்ளை. நாங்கள் அளந்தபோது வந்தது தொண்ணூற்று நாலு. இரண்டு பேரும் முழித்தோம். அவள் மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மேக்கட்ட பிஸ்ஸு நங்கி" என்றாள். மீட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். சிரித்தோம். நூற்றெண்பத்தொன்று என்று எழுதினேன், அவளும் அதைப் பார்த்து எழுதினாள். நல்ல மார்க்ஸ். தொண்ணூற்று நாலு என்பது நூற்றெண்பத்தெட்டில் சரிபாதி. அது ஏன் பாதியாகிறது என்று அன்றைக்கு ஒருத்தி கேட்டிருந்தாலும் அந்த மேசையிலேயே விடை கிடைத்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் எழுதியதை அழிக்க வேண்டிவரும்.

அதற்குப் பிறகு கல்யாணம். இருபது வயதில் நீ. நீ பிறந்த பிறகு எனக்கு வந்த பயத்தை உனக்கு எப்படிச் சொல்வது. நீ தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் நிம்மதி, ஒரு நிமிஷத்துக்கு. மழைக்காலத்தில் மேல்மலை மண் இறங்கிவிடுமோ என்று பயம். வெயில் அடித்தால் உனக்குச் சூடு பிடிக்குமோ என்று பயம். உன் அப்பா றப்பர் பெக்டரியில் புகைக்கூடத்தில் இருந்தார், பகலில் வீட்டில் இருக்க மாட்டார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் இருந்தார்கள். நான் மலைக்கு வேலைக்குப் போகாததால் உன்னை வீட்டிலேயே வைத்திருந்தேன். ஆனால் தண்ணீருக்குப் போக வேண்டுமே. பீலி நம் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, நாற்பது படி இறங்க வேண்டும். பாறையிலிருந்து குழாய் வழியாக விழுகிற தண்ணீர், அதன் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் பேசுவதே கேட்காது. பின்னேரம் நாலு மணிக்குத்தான் நம் லயத்துக்கு முறை. உன்னையும் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அந்தப் பாசிப் படியில் ஏற முடியாது.

அதனால்தான் அம்ப்ளிபயர் செய்தேன். கெட்டுப்போன கேசட் ரெக்கோடரிலிருந்து கழற்றிய மைக்கை உன் சேலைத் தொட்டிலுக்கு மேலே கட்டினேன். ஒற்றை ட்ரான்சிஸ்டர், கலெக்டரில் அதே நாலாயிரத்து எழுநூறு ஓம், ஒன்பது வோல்ட் பெட்டரி. அங்கிருந்து வயரை வேலியோரமாக இழுத்துப் பீலிவரை கொண்டுபோய், முனையில் ஒரு வோக்மன் ஹெட்போன். கணக்குப்படி நூற்றெண்பத்தெட்டு மடங்கு. வீட்டுக்குள் வைத்துச் சோதித்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொட்டிலருகே நின்றேன். நீ சிணுங்கினாய், எனக்குக் கேட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பக்கத்தில் நின்றதால் வெறும் காதிலேயே கேட்டிருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

பீலியில் என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. தலையில் ஹெட்போனும் இடுப்பில் குடமுமாக நிற்பேன். "இஞ்சினியரம்மா கிரிக்கெட் கேக்குறாங்க, இப்ப ஸ்கோர் என்னங்க" என்பார்கள். நானும் சிரிப்பேன். ஒன்பது நாள் அப்படிப் போனேன். தண்ணீர் விழுகிற சத்தம் ஹெட்போன் பஞ்சுக்கு வெளியே எங்கேயோ தூரத்தில் இருக்கும். உள்ளே ஒன்றுமே இருக்காது, அவ்வளவு அமைதி. அந்த அமைதியை நீ தூங்குகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, மேலே அந்த இருட்டுக் காம்பராவில் நீ மெல்ல ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீ பிறந்த பிறகு நான் பயமில்லாமல் இருந்தது அந்த ஒன்பது பின்னேரங்கள்தான். எவ்வளவு பொய்யான நிம்மதி.

பத்தாவது நாள் செல்வமணி அக்கா படியில் ஓடி வந்தாள். நம் அடுத்த காம்பராவில் இருந்தாளே, இப்போது கொடகவெலயில் மகள் வீட்டில் இருக்கிறாளே, அவள்தான். வந்தவள் என் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிக் குடத்துக்குள் போட்டாள். "புள்ள கத்துறது தொர பங்களா வரைக்கும் கேக்குது. ஒனக்கு மட்டும் கேக்கலயாடி?"

தொட்டில் முடிச்சு அவிழ்ந்திருந்தது. கீழே என் கல்யாணத்துக்கு வாங்கிய ட்ரங்குப் பெட்டி, அதன் தகர விளிம்பு. உன் இடது புருவத்துக்கு மேலே இருக்கிறதே அந்தத் தழும்பு, அது வாசற்படியில் தவழ்ந்து விழுந்ததால் வந்தது இல்லை தம்பி. நான் பக்கத்தில் இருந்தேன், கண்மூடித் திறப்பதற்குள் விழுந்துவிட்டாய் என்று உனக்குச் சொன்னதெல்லாம் பொய். நான் நாற்பது படிக்குக் கீழே, காதை அடைத்துக்கொண்டு நின்றேன். நீ எவ்வளவு நேரம் அழுதாய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஒரு கணக்கை மட்டும் யாராலும் போட்டுச் சொல்ல முடியாது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மூன்று தையல். உன் அப்பா பெக்டரியிலிருந்து புகை நாற்றத்தோடு ஓடி வந்து எப்படி நடந்தது என்று கேட்டார். வாசற்படி என்றேன். வாயில் அதுதான் வந்தது. செல்வமணி அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "படிதாங்க, நானும் பாத்தேன்" என்றாள். அந்த உதவிக்கு நான் அவளுக்கு இன்னும் பதில் செய்யவில்லை. உதவி என்று சொல்வதா என்றும் தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் உன் அப்பா சுத்தியலை எடுத்து வாசற்படியின் முனையை உடைத்து, சிமெந்து குழைத்து, சரிவாகப் பூசிவிட்டார். லயத்தில் நம் வீட்டுப் படி மட்டும் ஏன் வழுக்குப்பாறை மாதிரி இருக்கிறது என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். மழை நாளில் அதில் வழுக்காதவர்கள் நம் வீட்டில் யார்? நான் மாற்றிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக, ஒரு குற்றமும் செய்யாத படியை அந்த மனுஷன் உடைத்துத் திருத்தினார். ட்ரங்குப் பெட்டியை நான் யாருக்கும் தெரியாமல் சுவரோரம் தள்ளி வைத்தேன்.

அடுத்த வாரம், நீ தையலோடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்த அம்ப்ளிபயரை மேசையில் வைத்து அளந்தேன். ஒரு சின்ன ட்ரான்ஸ்போமரிலிருந்து ஆறு வோல்ட் எடுத்து, இரண்டு ரெசிஸ்டரால் அதை ஆயிரத்தில் ஒரு பங்காக்கி உள்ளே கொடுத்தேன். மீட்டரின் முள் ஒரு வோல்ட்டைத் தாண்டி நின்றது. கணக்குச் சரிதான், நூற்றெண்பத்தெட்டுக்குப் பக்கம். அப்படியானால் எங்கே பிழை? காயவைத்திருந்த ஹெட்போனைச் செருகினேன். முள் விழுந்தது. பூச்சியத்தில் போய்ப் படுத்துவிட்டது. கழற்றினேன், எழுந்தது. செருகினேன், விழுந்தது. எத்தனை தடவை அப்படிச் செய்துகொண்டிருந்தேன் என்று தெரியாது. வெளியே தூறல், கூரைத் தகரத்தில் மெல்லிய சத்தம், நீ தூக்கத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டிருக்கிறாய். முள் எழுகிறது, விழுகிறது. ஹெட்போன் வெறும் முப்பத்திரண்டு ஓம். அதை மாட்டியதும் கலெக்டர் ரெசிஸ்டரும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கரண்டுக்கு இரண்டு வழியாகி, சேர்ந்த தடை முப்பத்திரண்டுக்கும் குறைவாகிவிடுகிறது. அதை இருபத்தைந்தால் வகுத்தால் ஒன்றேகால். நூற்றெண்பத்தெட்டு மடங்கு என்று நம்பி நான் காதில் மாட்டிக்கொண்டு நின்றது ஒன்றேகால் மடங்கு. கேட்பதற்கு யாரும் இல்லாதபோது மட்டும்தான் அது பெரிதாகப் பேசியிருக்கிறது.

கொலேஜில் வந்த தொண்ணூற்று நாலும் அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு வெளியே நாலாயிரத்து எழுநூறு ஓமில் ஒரு லோட், அதாவது அம்ப்ளிபயர் சுமக்க வேண்டிய பாரம், மாட்டியிருந்தார்கள். சமமான இரண்டு பக்கத்தில் நின்றால் பாதிதானே. மீட்டருக்குப் பைத்தியம் இல்லை. அது எங்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தது. நான் அதன் வாயை மூடினேன். அன்றைக்குத் தொண்ணூற்று நாலு என்று எழுதி, குறைந்த மார்க்ஸ் வாங்கி, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் நெற்றி இன்றைக்கு வெறும் நெற்றியாக இருந்திருக்கும்.

பிறகு இன்னொரு ட்ரான்சிஸ்டரை ஹெட்போனுக்கு முன்னால் போட்டேன். அது சத்தத்தைக் கூட்டாது, பாரத்தை மட்டும் தாங்கிக்கொள்ளும். ஹெட்போனைச் செருகி வைத்தே அளந்தேன். அறுபத்தெட்டு. கலண்டர் பின்பக்கத்தில் அறுபத்தெட்டு என்றே எழுதினேன். அன்றைக்குப் பின்னேரம் பீலியில் நின்றபோது உன் மூச்சு கேட்டது தம்பி. இழுக்கிறாய், விடுகிறாய். தொட்டில் கயிறு வளையத்தில் உரசுகிற மெல்லிய சத்தம். தகரத்தில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுகிறது. அவ்வளவு நீள வயர் ஏரியல் மாதிரி ஆகி, எல்லாவற்றுக்கும் அடியில் எந்த ஊரிலிருந்தோ ஒரு ரேடியோக் குரல் என்ன மொழி என்று தெரியாமல் பேசிக்கொண்டே போகிறது. உன் மூச்சுக்குள் உலகம் முழுவதும் தூரத்தில் முணுமுணுக்கிற மாதிரி இருந்தது. குடம் நிறைந்து வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. இப்போதும் மழை நாளில் கண்ணை மூடினால் அந்தச் சத்தம் எனக்கு வரும். நீ கம்பசுக்குப் போன இந்த ஏழு மாதத்தில் அடிக்கடி வருகிறது.

இவ்வளவு தெரிந்த நான்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் மெஷின் பழுது என்று சொல்லச் சொன்னேன். உனக்கு ஒன்று ஆகிவிடுமோ என்று பயம் வந்தால் எனக்கு முதலில் பொய்தான் கைக்கு வருகிறது. படி என்று சொன்னதும் அப்படித்தான். உன்னிடம் இதை எழுதுவதற்கு முன்னால் உன் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இன்றைக்குப் பின்னேரம் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய் வாசலில் குந்தி, தான் பூசிய அந்தச் சரிவைக் கையால் தடவிப் பார்த்தார். "அப்ப படி ஒண்ணுஞ் செய்யலையா?" என்றார்.

இல்லை என்றேன். இருபது வருஷமாக, சரியாகக் கட்டாத அந்தப் படியில்தான் பிள்ளைக்கு அடிபட்டது என்று அவர் தன்னையே ஏசிக்கொண்டிருந்திருக்கிறார், அந்தக் கேள்வியில்தான் எனக்கு அதுவும் விளங்கியது. பிறகு உள்ளே வந்து, "அவனுக்கும் எழுதிரு. நாளத் தள்ளிக்கிட்டு இருக்காத" என்றார். இராத்திரிச் சாப்பாட்டின்போது என்னோடு பேசவில்லை. பேசுவார். எனக்கு அவசரமில்லை.

இனி உன் அம்ப்ளிபயருக்கு வருகிறேன். போன கிழமை நீ பெருமையாகப் படம் எடுத்து அனுப்பினாயே, அதை இன்றைக்குப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிக்னல் வெளியே வருகிற கெப்பாசிட்டருக்குப் பிறகு கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. அதன் மேல் பழுப்பு, கறுப்பு, சிவப்புக் கோடுகள். ஆயிரம் ஓம். பிராக்டிகல் தாளில் போடச் சொல்லியிருப்பார்கள், நீயும் போட்டிருக்கிறாய், கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாய். உன் கலெக்டரில் மூவாயிரத்து முந்நூறு. அதுவும் ஆயிரமும் பக்கத்தில் நின்றால் எழுநூற்று அறுபத்தேழு. இருபத்தைந்தால் வகுத்துப் பார். முப்பதும் கொஞ்சமும் வரும்.

நீ அளந்தது சரி தம்பி. மூன்று தடவை அளந்து மூன்று தடவையும் சரியாகத்தான் அளந்திருக்கிறாய். அந்த மெஷினும் பழுதில்லை, உன் கையும் பழுதில்லை. உன் கணக்கில் ஒரு ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். நீ கண்ணால் பார்த்த முப்பதை நம்பாமல் கொப்பியில் இருந்த நூற்று முப்பத்திரண்டை நம்பினாய். அளந்தது சரி என்று தெரிந்துவிட்டது, இனி ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துவிடாதே. புதன்கிழமை போய் முதலில், "சேர், நான் முப்பதுதான் அளந்தேன், மாற்றி எழுதிவிட்டேன்" என்று சொல். லோட் விஷயத்தை அதற்குப் பிறகு சொல். இந்த வரிசை மாறினால் முதலாவதைச் சொல்ல உனக்கு வாய் வராது, எனக்கு இருபது வருஷம் வரவில்லை. அவர் மார்க்ஸைக் குறைப்பார், ஏசவும் ஏசலாம், திரும்பச் செய்யச் சொல்லலாம். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்கு வருவதென்றால் அதைச் சொல்லிவிட்டு வா. சொல்லாமல் வந்தால், நீயும் என்னைப் போல ஒரு படியைச் சுமந்துகொண்டு வருவாய்.

தழும்பைப் பற்றி உனக்கு என்மேல் கோபம் வந்தால் அதையும் எழுது, திட்டு, எனக்கு வேண்டியதுதான். உன் அப்பா படுக்கப் போகும்போது, சனிக்கிழமை அந்தச் சிமெந்தை உடைத்துப் பழைய மாதிரி சதுரப் படியாகக் கட்டப்போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். எனக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். நீ அடுத்த தடவை வரும்போது பழக்கத்தில் காலைச் சரித்து வைத்துவிடாதே.

புதன்கிழமை சேரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் என்ன சொன்னாய், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இரண்டு வரி எழுது. சீக்கிரம் எழுது தம்பி.

அம்மா